பாயும் பாம்பும்

எட்டடி விரியன் என்று ஒரு பாம்புக்குப் பெயர். கடிபட்டவன் எட்டடி வைப்பதற்குள் விழுந்து மடிவான் என்பது அப்பெயருக்கு நம் முதியோர் கூறும் காரணம். உண்மை அதுவன்று. அதன் பல் பட்டதுகூடப் பல வேளை மனிதனுக்குத் தெரிவதில்லை. அவன் தூங்குகிறான். விடியுமுன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு எழுகிறான். இமைகள் கனத்துச் சரிகின்றன, நாக் குழறுகிறது, பின்னர் மூச்சு மெல்ல மெல்ல அடங்குகிறது. எட்டடியல்ல, பல மணி நேரம் அவனுக்கு இருந்தது. அந்த மணி நேரங்களை நாம் என்ன செய்தோம்? இக்கட்டுரை எழுப்ப விரும்பும் கேள்வி இதுவே.

மன்னரும் படைகளும் நிறைந்த சரித்திர நூல்களில் பாம்புக்கு இடமில்லை. ஆனால் நெல் விளையும் நாட்டின் சரித்திரத்தைப் பாம்பை விலக்கி எழுத முடியாது. எவன் தரையில் படுத்தான், எவன் கட்டிலில் படுத்தான், எவன் வெறுங்காலுடன் வயலில் இறங்கினான், எவன் வண்டியில் அமர்ந்து வரம்பைப் பார்வையிட்டான் என்ற விபரங்கள் யாவும் பாம்புக் கடியின் கணக்கிலே பதிந்து கிடக்கின்றன. கல்முனைக் கரையில் வாழும் நாம் அக்கணக்கை ஒருமுறையேனும் விரித்துப் பார்க்கவேண்டும்.

நிலமும் வளவும்

மருதமுனையில் தொடங்கி, கல்முனை, சாய்ந்தமருது, காரைதீவு, நிந்தவூர், ஒலுவில், பாலமுனை, அட்டாளைச்சேனை, அக்கரைப்பற்று எனக் கடலோரமாக ஊர்கள் ஒரே நூலில் கோத்தாற்போல் நிற்கின்றன. 1961ஆம் ஆண்டில் அம்பாறை மாவட்டம் தனியே பிரிக்கப்படும்வரை இவை மட்டக்களப்பு மாவட்டத்தைச் சேர்ந்திருந்தன. கிழக்கே கடல்; மேற்கே வயல். இரண்டுக்கும் நடுவே ஒடுங்கிய மணல் நிலத்தில் மக்கள் நெருங்கி வாழ்கின்றனர். பெண்மக்களுக்கு வீடு கொடுத்து மணம் முடிப்பது இப்பகுதியின் முஸ்லிம்களுக்கும் தமிழருக்கும் பொதுவான வழக்கம். ஆகவே ஒரு தாயின் வளவு மகள்மாரின் வளவுகளாகப் பிரிந்து பிரிந்து குறுகியது. குறுகிய வளவில் அடுப்படி, விறகுக் கட்டு, தேங்காய் மட்டைக் குவியல், கோழிக்கூடு, கிணற்றடி, வேலி எல்லாம் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு நிற்கின்றன. சிந்திய நெல்லைத் தேடி எலி வருகிறது. எலியைத் தேடிப் பாம்பு வருகிறது. மனிதனைத் தேடிப் பாம்பு வருவதில்லை. அவன் இடையிலே அகப்பட்டுக்கொள்கிறான்.

பழைய வீடுகள் மண்சுவரும் கிடுகுக் கூரையுமாக இருந்தன. சுவர் வெடித்தால் அது எலிக்கு வாசல். கூரை உக்கினால் அது பல்லிக்கும் பாம்புக்கும் மாடி. பன் பாயை விரித்துக் குடும்பம் முழுவதும் தரையிலே படுக்கும். நம் பெண்கள் நுணுக்கமாக இழைத்த அந்தப் பாய் இக்கரையின் கைவினைப் பெருமை. ஆனால் இரவில் இரை தேடி ஊரும் விரியனுக்கும் உறங்கும் குழந்தைக்கும் நடுவே அப்பாயின் தடிப்பைத் தவிர வேறு அரண் இருக்கவில்லை.

வயலுக்குப் போனவன் நிலை இன்னும் மோசம். வயல் ஊரோடு ஒட்டியிருப்பதில்லை. பல மைல் தள்ளிக் கிடப்பது. விதைப்பு முதல் வேளாண்மை வெட்டும்வரை அவன் வாடியிலும் காவற் பரணிலும் இராக் கழித்தான். வரம்பின் வளைகளுக்கிடையே நடந்தான். இருட்டில் மடை திறந்தான். வெட்டிக் கிடந்த உப்பட்டிகளைக் கை நுழைத்து அள்ளினான். சூடு வைத்த இடத்தின் ஓரத்திலே உறங்கினான். போடியார் ஊரில் கட்டிலிற் படுத்திருந்தார். நெல்லில் இருவருக்கும் பங்கு இருந்தது. பாம்பில் மட்டும் பங்கு ஒருவனுக்கே இருந்தது.

நம்மிடையே உள்ள பகைவர் யாவர் என்பதையும் தெளிவாக அறிந்துகொள்வது நலம். நாகத்தை எல்லோரும் அறிவர். அது படமெடுத்து எச்சரிக்கும். வயலின் முதற் பகைவன் கண்ணாடி விரியன். நம்மவர் புடையன் என்பதும் அதனையே. அதன் நஞ்சு இரத்தத்தின் உறையும் தன்மையைக் கெடுத்துச் சிறுநீரகத்தையும் தாக்கும். வீட்டின் முதற் பகைவன் எட்டடி விரியன். பெயரிலேதான் அது விரியன். குலத்தால் நாகத்தின் உறவு. அதன் நஞ்சு நரம்பைப் பற்றி மூச்சை நிறுத்துவது. வறண்ட கரையோர மணலில் சுருட்டை விரியனும், தோட்டந்துரவுகளின் சருகுகளில் கோப்பி விரியனும் உண்டு. கரைவலை இழுப்போருக்குக் கடற்பாம்பு புதியதன்று. இவற்றுக்கு நேர்மாறானது சாரை. நஞ்சில்லாத, எலிகளைத் தின்று நெல்லைக் காக்கும் அந்தப் பிராணியை நாம் கண்ட இடத்திலெல்லாம் அடித்துக் கொல்கிறோம். பகைவனையும் நண்பனையும் பிரித்தறியாத போர் வேறெப்படி முடியும்?

பரிசாரியும் தூதனும்

இரவில் பாம்பென்று சொல்லாமல் ‘பூச்சி’ என்று சொல்வது நம் முதியோர் வழக்கம். பெயருக்கே அஞ்சிய சமூகம் கடிக்கு மருந்து தேடாமல் இருக்கவில்லை. ஊர்தோறும் விஷகடிப் பரிசாரி இருந்தார். தமிழ்ப் பரிசாரியிடம் முஸ்லிமும், முஸ்லிம் பரிசாரியிடம் தமிழரும் நள்ளிரவிற் கதவைத் தட்டினர். பாம்புக்கு மதபேதம் இல்லாதது போலவே, அந்தக் கதவுக்கும் மதபேதம் இருக்கவில்லை. விஷகடிக்குக் கூலி பெறுவது பாவமென்று கருதிப் பணம் தொடாத பரிசாரிகள் பலர். கலகங்கள் வந்து நம் ஊர்களை வேலியிட்டுப் பிரித்த பிற்காலத்தில் இதை நினைவூட்டுவது வீண் வேலையாகாது.

ஆயினும் அம்மரபின் குறையை மறைப்பது நேர்மையன்று. பரிசாரி முதலிற் பார்த்தது நோயாளியை அன்று. செய்தி கொண்டுவந்த தூதனை. அவன் எந்தத் திசையில் நின்றான், எந்த அங்கத்தைத் தொட்டான், முதலிற் சொன்ன எழுத்து எது என்பவற்றைக்கொண்டு பிழைப்பானா மாட்டானா என்று கணிக்கும் தூதலட்சணம் அவர் கற்ற சாத்திரத்தின் பெரும் பகுதி. பின்னர் விஷக்கல் ஒட்டுதல், கோழிக்குஞ்சை வைத்து நஞ்சிறக்குதல், இறுக்கிக் கட்டுதல், கீறி இரத்தம் வடித்தல், மந்திரம் செபித்தல், தண்ணீர் ஓதிக் கொடுத்தல் எனச் சடங்குகள் தொடரும். இவ்வாறு செய்தும் பெரும்பாலோர் பிழைத்தனர். பிழைத்தவர்களே பரிசாரியின் புகழுக்குச் சாட்சிகள் ஆயினர்.

ஏன் பிழைத்தனர்? விடை எளிது. கடித்த பாம்பு எல்லாம் நஞ்சுள்ளதன்று. நஞ்சுள்ள பாம்பும் கடிக்குந்தோறும் நஞ்சைச் செலுத்துவதில்லை. 2012 ஆகஸ்ட் முதல் 2013 ஜூன் வரை இலங்கை முழுவதும் 44,136 வீடுகளிற் சென்று ஆய்வாளர் ஒரு கணக்கெடுத்தனர். அதன்படி ஓராண்டில் நாட்டில் நிகழ்ந்த பாம்புக் கடிகள் ஏறத்தாழ 80,500. அவற்றில் உடலில் நஞ்சேறியவை சுமார் 30,500. மற்ற ஐம்பதினாயிரம் பேரும் பரிசாரியிடம் போனாலும் பிழைத்திருப்பர். பள்ளிவாசல் திண்ணையிற் சும்மா படுத்திருந்தாலும் பிழைத்திருப்பர். அவர்களைக் காட்டி மந்திரத்தின் வெற்றியை நிலைநாட்டுவது, மழை பெய்த பின் தவளை கத்தியதால் மழை வந்தது என்பதற்கு ஒப்பாகும். உண்மையில் நஞ்சேறியவனுக்கோ தூதலட்சணம் பார்த்த அந்த அரைமணி நேரமே உயிரின் விலை.

நம் மார்க்கம் இதற்குத் தடையென்று சொல்வாரும் உளர். அவர்கள் சரித்திரத்தை மறந்தவர்கள். இப்னு சீனா தமது மருத்துவப் பெருநூலின் நான்காம் பகுதியில் நச்சுக் கடிகளை ஆராய்ந்து சிகிச்சை வகுத்தவர். ஒட்டகத்தைக் கட்டிவிட்டுப் பின் இறைவன்மீது பொறுப்புச் சாட்டும்படி போதித்த மார்க்கம், ஓதுவதோடு நின்றுவிடச் சொல்லவில்லை. நோயாளியின் தலைமாட்டில் ஓதட்டும். ஆனால் அது வைத்தியசாலைக்கு ஓடும் வண்டியினுள் நடக்கட்டும்.

வெள்ளத்தில் பிறந்த மருந்து

ஐரோப்பியர் இந்நாடுகளுக்கு வந்தபோது பாம்பு அவர்களுக்கும் பெரும் அச்சமாயிற்று. கிழக்கிந்தியக் கம்பனியின் இயற்கை நூலாராகச் சென்னை மாகாணத்தில் பணியாற்றிய பற்றிக் றசல் சோழமண்டலக் கரைப் பாம்புகளை ஆராய்ந்து 1796இல் பெருநூல் வெளியிட்டார். கண்ணாடி விரியன் இன்று விஞ்ஞான உலகில் அவர் பெயரையே சூடி நிற்கிறது. ஜோசப் ஃபேரர் 1872இல் வெளியிட்ட நூல், 1869ஆம் ஆண்டில் பிரித்தானிய இந்தியாவின் ஒரு பகுதியில் மட்டும் 11,416 பேர் பாம்புக் கடியால் மாண்டதாகக் கணக்குக் காட்டிற்று. அரசாங்கம் செத்த பாம்புக்குச் சன்மானம் கொடுத்துப் பார்த்தது. பாம்பு ஒழியவில்லை, சாவும் ஒழியவில்லை. மாற்றுமருந்து எதுவும் அன்று இருக்கவில்லை.

அம்மருந்தின் கதை தொடங்கிய இடத்தை நம் வாசகர் மனங்கொள்ளவேண்டும். அது பாரிஸ் நகரத்து மாளிகையிலன்று, நம்முடையதைப் போன்ற ஒரு நெல்வயற் கிராமத்திலே தொடங்கிற்று. 1891ஆம் ஆண்டு இந்தோசீனத்தில் சைகோன் நகரில் அல்பேர் கல்மெத் என்ற பிரெஞ்சு டாக்டர் ஒரு சிறு ஆய்வுகூடம் நடத்திக்கொண்டிருந்தார். தெற்கே பாக்லியூ என்ற ஊருக்கருகில் மழைவெள்ளம் பெருகியது. வளைகளை விட்டு வெளியேறிய நாகங்கள் குடிசைகளுள் ஏறின. நாற்பது பேர் கடிபட்டனர், நால்வர் மாண்டனர். பிடிபட்ட நாகங்கள் ஒரு பீப்பாயில் அடைக்கப்பட்டு கல்மெத்திடம் வந்து சேர்ந்தன. அந்த நாற்பதின்மரில் முப்பத்தாறு பேர் மாற்றுமருந்து இல்லாமலே பிழைத்தனர் என்பதையும் நாம் மேலே சொன்னதோடு சேர்த்து எண்ணவேண்டும்.

கல்மெத் அந்த நஞ்சை ஆராய்ந்தார். 1894இல் அவரும், அவரைப் போலவே தனித்து உழைத்த பிசாலி, பெர்த்ரான் என்ற இரு பிரெஞ்சு விஞ்ஞானிகளும் ஒரே உண்மையை வெளியிட்டனர். பிராணியொன்றின் உடலில் நஞ்சைச் சிறிது சிறிதாக ஏற்றினால் அதன் இரத்தத்தில் நஞ்சை முறிக்கும் ஆற்றல் பிறக்கிறது. அந்த இரத்தத்தின் நீர்ப்பகுதியை எடுத்து மனிதனுக்கு ஏற்றினால் அவனும் காக்கப்படுவான் என்பதே அது. குதிரையின் இரத்தத்திலிருந்து மாற்றுமருந்து பிறந்தது இவ்வாறுதான்.

ஆனால் கல்மெத் ஒரு பிழையும் செய்தார். நாக நஞ்சுக்கு எதிரான மருந்து எல்லாப் பாம்புக்கும் போதும் என்று நம்பினார். அவுஸ்திரேலியாவிலிருந்து மார்ட்டினும் பிரேசிலிலிருந்து வித்தால் பிரசீலும் அதனை மறுத்தனர். 1901இல் சாவோ பாவுலோ நகரின் புத்தந்தான் ஆய்வுகூடத்தில் வித்தால் பிரசீல் தம் நாட்டுப் பாம்புகளுக்குத் தம் நாட்டிலேயே மருந்து செய்யத் தொடங்கினார். ஒவ்வொரு வகைப் பாம்புக்கும் அதற்குரிய மருந்து வேண்டும் என்பது ஒரு நூற்றாண்டுக்கு முன்பே உலகம் கற்ற பாடம். அப்பாடத்தை இலங்கை இன்னும் செயலிற் காட்டவில்லை.

அணையும் புயலும்

1949இல் கல்லோயாத் திட்டம் தொடங்கியது. நாம் பட்டிப்பளை ஆறு என அழைத்த நதியை இங்கினியாகலையில் மறித்து எழுந்த அணை இக்கரையின் வாழ்வையே மாற்றியது. மழையை நம்பிய வயல்களுக்கு வாய்க்கால் வந்தது. பெரும்போகத்தோடு சிறுபோகமும் உறுதியாயிற்று. நெல் பெருகிற்று. ஆண்டில் இருமுறை வயலில் இறங்கும் உழைப்பாளி இருமுறை ஆபத்திலும் இறங்கினான். அணைக்கட்டுக்கு எவ்வளவு சீமந்து, எவ்வளவு இயந்திரம் என்று கணக்குப் பார்த்த திட்டத்தில், வயற்காரன் காலுக்கு ஒரு சோடி சப்பாத்தும் வாடிக்கு ஒரு கட்டிலும் கணக்கில் ஏறவில்லை.

1957 டிசம்பரில் பெருவெள்ளம் வந்தது. 1978 நவம்பர் 23 இரவு சூறாவளி வந்து கூரைகளைப் பிய்த்தெறிந்தது. 2004 டிசம்பர் 26 காலை கடலே எழுந்து வந்து மருதமுனையிலும் கல்முனையிலும் சாய்ந்தமருதிலும் வீடுகளை வாரிச் சென்றது. நீர் எழும்போது மேடு தேடும் உயிர் மனிதன் மட்டுமன்று. பாக்லியூவில் நடந்தது எங்கும் நடக்கக்கூடியது. விழுந்த மரம், இடிந்த சுவர், கூரைத்தகடு எனக் குவிந்த ஒவ்வொரு குவியலும் பாம்புக்குப் புதிய வளை. அவற்றை வெறுங்கையால் அகற்றியவர்கள் வீடிழந்தவர்களே. 2009இல் முடிந்த நீண்ட யுத்தமோ வேறு வகையில் நஞ்சுக்குத் துணை நின்றது. இருட்டிய பின் வீதியில் இறங்க அஞ்சிய அந்த ஆண்டுகளில், எட்டடி விரியன் கடித்தவனுக்கு எஞ்சியிருந்த மணி நேரங்களைச் சோதனைச்சாவடிகளும் தின்றன.

தரையிலிருந்து கட்டிலுக்கு

விஞ்ஞானம் நமக்குச் சொல்வது சிக்கலானதன்று. 1996க்கும் 1998க்கும் இடையில் அநுராதபுரத்தில் எட்டடி விரியன் கடித்த 210 நோயாளரை டாக்டர் குலரத்ன ஆராய்ந்தார். அவர்களில் ஏறக்குறைய எல்லோரும் இரவில் வீட்டினுள்ளே தரையிற் படுத்துறங்கியவர்கள். நேபாளத்தின் தென்கிழக்குச் சமவெளியில் நடந்து 2007இல் வெளிவந்த ஆய்வோ, நுளம்புவலையினுள் உறங்கியோருக்கு இராக் கடி வெகுவாகக் குறைந்திருப்பதைக் காட்டிற்று. கட்டிலும் வலையும்! ஒரு நூற்றாண்டு மந்திரத்தால் ஆகாததை நான்கு காலுள்ள ஒரு பலகையும் ஒரு முழத்துணியும் செய்கின்றன. 2016இல் இலங்கை மலேரியாவிலிருந்து விடுபட்ட நாடாக உலக சுகாதார நிறுவனத்தால் அறிவிக்கப்பட்டது. அதற்காக நாம் வலையைச் சுருட்டி அலுமாரிக்குள் வைத்துவிடலாகாது. கட்டில் வாங்க வழியற்றவர் பாயின் அடியில் வலையின் ஓரத்தைச் சுற்றிலும் செருகிக்கொள்ளட்டும்.

விறகும் மட்டையும் வீட்டுச் சுவரை விட்டு அகலட்டும். கோழிக்கூடு படுக்கையறைக்கு அப்பால் நகரட்டும். நெல் மூடையின் கீழும் சுவரின் வெடிப்பிலும் எலி குடியேறாதிருக்கட்டும். இருட்டில் கிணற்றடிக்குப் போகிறவர் கையில் டோர்ச் விளக்கு இருக்கட்டும். கடிபட்டால் இறுக்கிக் கட்டாமலும் கீறாமலும், கடிபட்ட உறுப்பை அசைக்காமலும், நடக்கவிடாமலும் உடனே வைத்தியசாலைக்குக் கொண்டு செல்லவேண்டும். அங்கே ஒரு கண்ணாடிக் குழாயில் நோயாளியின் இரத்தத்தை இருபது நிமிடம் வைத்துப் பார்த்தாலே அது உறைகிறதா இல்லையா என்று தெரிந்துவிடும். விரியன் நஞ்சின் அடையாளம் அது. மூச்சு நின்றவனுக்கு மூச்சியந்திரம் உண்டு. நரம்பை நஞ்சு பற்றிய பின் மருந்தினால் மட்டும் அதனை மீட்பது கடினம். ஆனால் இயந்திரம் மூச்சுக் கொடுத்துக்கொண்டிருந்தால் நாட்கணக்கில் உடல் தானே மீண்டெழும். வயிற்றுவலி என்று விடியற்காலையில் எழுந்தவனுக்குச் சோடாவும் இஞ்சியும் கொடுத்து வீட்டில் வைத்திருப்பது எவ்வளவு பெரிய தவறு என்பதை இனியேனும் ஒவ்வொரு தாயும் அறியவேண்டும்.

இவை நாம் செய்யவேண்டியவை. அரசு செய்யவேண்டியதும் ஒன்றுண்டு. நம் வைத்தியசாலைகளில் ஏற்றப்படும் மாற்றுமருந்து இந்தியாவிலிருந்து வருவது. அதற்கான நஞ்சிற் பெரும்பகுதியைச் சேகரித்துக் கொடுப்போர் தமிழ்நாட்டின் இருளர் மக்கள். பாம்புத்தோல் வியாபாரம் தடைசெய்யப்பட்டு வாழ்விழந்த அவர்கள் 1978இல் மாமல்லபுரத்துக்கு அருகே வடநெம்மேலியில் கூட்டுறவுச் சங்கம் அமைத்தனர். பாம்பைப் பிடித்து, நஞ்சை எடுத்து, மீண்டும் காட்டில் விடுகின்றனர். அவர்களுள் வடிவேல் கோபால், மாசி சடையன் என்ற இருவருக்கு 2023இல் பத்மஶ்ரீ விருது கிடைத்தது. காலமெல்லாம் ஒதுக்கப்பட்ட ஒரு குலத்தின் கைத்திறமை இலட்சக்கணக்கான உயிர்களைக் காக்கிறது. அவர்களுக்கு நாமும் கடமைப்பட்டுள்ளோம்.

ஆயினும் அந்த மருந்து இந்தியப் பாம்புகளின் நஞ்சைக்கொண்டு நான்கு வகைகளுக்கு மட்டும் செய்யப்பட்டது. நம் நாட்டில் பலரைக் கடிக்கும் கோப்பி விரியனுக்கு அதனிடம் விடையில்லை. அதனை ஏற்றும்போது ஒவ்வாமை எழுவதும் மிகுதி. 2011இல் பேராசிரியர் அசித த சில்வாவும் அவர் தோழர்களும் ஆயிரத்துக்கு மேற்பட்ட நோயாளரை ஆராய்ந்து, முன்கூட்டியே சிறிதளவு அட்ரினலின் கொடுத்தால் அவ்வாபத்துக் குறையும் என நிறுவினர். பேராதனைப் பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர் கொஸ்தாரிக்கா நாட்டு விஞ்ஞானிகளுடன் சேர்ந்து இலங்கைப் பாம்புகளின் நஞ்சுக்கே உரிய மருந்தொன்றை உருவாக்கி, 2016இல் ஆய்வுகூட முடிவுகளையும் வெளியிட்டனர். அறிவு குறைவில்லை, ஆற்றல் குறைவில்லை. ஆய்வுகூடத்தில் வென்றது நோயாளியின் படுக்கையை இன்னும் அடையவில்லை. காரணம் வேறு. கடிபடுகிறவன் கொழும்பில் வாழ்பவனல்லன், சப்தமிடத் தெரிந்தவனுமல்லன்.

மேலே சொன்ன கணக்கெடுப்பின்படி அவ்வோராண்டில் இலங்கையில் மாண்டோர் 464 பேர். இந்தியாவில் 2000 முதல் 2019 வரை சராசரி ஆண்டுக்கு 58,000 பேர் மாண்டனர் என்கிறது அங்கு நடந்த ஆய்வு. உலக சுகாதார நிறுவனம் 2017இல் தான் பாம்புக் கடியைப் புறக்கணிக்கப்பட்ட நோய்களின் முதல் வரிசையில் சேர்த்தது. 2030க்குள் சாவைப் பாதியாக்குவது என்று 2019இல் திட்டமும் வகுத்தது. ‘புறக்கணிக்கப்பட்ட’ என்ற அச்சொல்லை நாம் ஊன்றிப் படிக்கவேண்டும். நோய் தன்னைத் தானே புறக்கணித்துக்கொள்ளவில்லை. புறக்கணித்தவர்கள் மனிதர், புறக்கணிக்கப்பட்டவர்களும் மனிதரே.

வேளாண்மை வெட்டும் காலம் ஒவ்வோராண்டும் வருகிறது. மீண்டும் வாடிகளில் விளக்கெரியும். வரம்புகளில் வெறுங்கால்கள் நடக்கும். கமக்காரர் அமைப்புகள் உரத்தைப் பற்றியும் நெல்விலையைப் பற்றியும் பேசுவது நியாயமே. அதே கூட்டத்தில் சப்பாத்தும் வலையும் கட்டிலும் பேசப்படட்டும். பள்ளிவாசலிலும் கோவிலிலும் பாடசாலையிலும் அது பேசப்படட்டும். இரவு இரண்டு மணிக்குக் கதவைத் தட்டும் தூதன் இனிமேல் எந்தத் திசையில் நிற்கிறான் என்று எவரும் பார்க்கவேண்டியதில்லை. அவன் வண்டியோடு வந்தானா என்பதை மட்டும் பார்ப்போம்.